ஒரு தடவை அமுக்கினால் போதும்

நேற்று நம் ஊர் காந்தி ரோட்டில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஏதோ ஒரு முனையைப் பற்றவைக்க, ஈயம் உருகும் வாசனை எழுந்தது. சொன்னால் நம்ப மாட்டாய், போனைத் திருப்பி வாங்கக்கூடத் தோன்றாமல் வெளியே வந்து வெயிலில் நின்றுவிட்டேன். உன் ஒர்க்‌ஷாப்பின் வாசனை அது. உன் துப்பட்டாவிலும் தலைமுடியிலும் எப்போதும் இருந்த வாசனை.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் இருந்த நாம் வேறு வேறு பக்கம் போனோம். நான் டோக்கியோவில் அலைவரிசை ஆலோசகர் ஆனேன். வெளிநாட்டில் செய்த ரேடியோ கருவிகளை ஜப்பானில் விற்க அரசின் அனுமதி முத்திரை வேண்டும். அதை வாங்கித் தருவதுதான் என் வேலை. நீ பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டின் பின்கட்டைப் பிடித்து, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அழைப்பு பட்டன் செய்தாய். தறி ஓடும் வீட்டில் பின்னறையில் படுத்திருப்பவர் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. பட்டனை அமுக்கினால் முன்னால் மணி அடிக்கும்.

முதல் பட்டனை வாலாஜாபாத்தில் தனியாக இருந்த உன் அம்மாவுக்கு மாட்டிவிட்டாய். இரண்டாவது, பக்கத்து வீட்டு அத்தைக்கு. மணிப்பெட்டி, இரண்டுக்கும் தனித்தனி விளக்கோடு, எதிர்த்தெருவில் உன் தம்பி வீட்டில். லீவில் வந்திருந்த நானும் அன்று உன்னோடு இருந்தேன். அம்மா அதைச் சிலுவை டாலருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, "எத்தினி வாட்டிமா அமுக்கணும்?" என்று கேட்டார். "ஒரு தடவ அமுக்கினா போதும்மா. வந்துடுவான்" என்றாய்.

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. பயந்துபோன அத்தை பட்டனை அமுக்க, உன் தம்பி ஓடினான். பேட்டரியில் ஓடும் அந்தப் பெட்டியில் அத்தையின் விளக்கு மட்டும்தான் எரிந்தது. அத்தைக்குத் தைரியம் சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டான். அதே வெடிச் சத்தத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பார்த்தார்கள். பட்டன் கைக்குள் இருந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, பேசாமலே போய்விட்டார். "அமுக்கக்கூட தெம்பு இல்லாம போச்சுடி" என்று நீ என்னிடம் போனில் அழுதாய். நாம் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம்.

அதற்குப் பிறகு நீ இன்னும் வெறியாக வேலை செய்தாய். ஜப்பானில் கடலோர ஊரில் இருக்கும் ஒரு முதியோர் இல்லம் உன் பட்டனைக் கேட்டபோது, அனுமதி வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அங்கே இந்த மாதிரிக் கருவிக்கு விட்டிருக்கும் அலைவரிசை வேறு என்று எழுதினேன். மாற்றிக்கொண்டு வந்து இறங்கினாய். ஓட்டல் அறையில் பெட்டியைப் பிரித்ததும், "ஒரே ஒரு தடவ அமுக்கிப் பாக்கிறேன்டி" என்றாய்.

"கூடாது. முத்திரை இல்லாம இங்க ஆன் பண்றதே தப்பு."

"நம்ம ஊர்ல ஸ்பீக்கர் கட்டி தெருவையே அலற வுடறான். இது கொசு மாதிரி இருக்குது. இதுக்கு இவ்ளோ சட்டமா?"

அந்த ஊர் அதிகாரிகள் 'முடியாது' என்று சொல்வதில்லை, பல்லிடுக்கில் மூச்சை இழுத்து 'கொஞ்சம் கஷ்டம்' என்பார்கள், அதற்கு முடியாது என்று அர்த்தம் என்றேன். பரிசோதனைக்குப் போகும் வரை எதைக் கேட்டாலும் மூச்சை இழுத்துக் காட்டிச் சிரித்தாய். பிறகு நீ சிரித்து நான் அதிகம் பார்க்கவில்லை.

பரிசோதனைக்கூடத்தில், அலை வெளியே கசியாத இரும்பு அறைக்குள் உன்னை அமுக்கவிட்டார்கள். சோதித்தவர் ஓய்வுபெறும் வயதிலிருந்த ஒரு பொறியாளர். திரையைப் பார்த்தார், குனிந்து வணங்கினார், மூச்சை இழுத்தார். ஒரே பாதையில் பல கருவிகள் பேசுவதால், ஒவ்வொன்றும் கண்ணிமைக்கும் நேரம் காதுகொடுத்துவிட்டு, பாதை காலியாக இருந்தால்தான் அனுப்ப வேண்டும் என்பது அங்கே விதி. உன் பட்டன் அமுக்கியதும் அனுப்பிவிடும். அவர் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். அதைத் தமிழில் உன்னிடம் சொன்னது நான்தான்.

"ஒரே நேரத்துல ரெண்டு பேர் அமுக்கினா என்ன ஆகும்னு கேக்கறாரு."

"அப்படி எல்லாம் எங்க நடக்குதுன்னு..." என்று தொடங்கினாய். கையிலிருந்த பட்டனைப் பார்த்தாய். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் புரிந்துவிட்டது.

திரும்பும் ரயிலில் சொன்னாய். "அத்த பெட்டிக்குப் பக்கத்துல, முன்னறையில இருந்தாங்க. அவங்க சிக்னல்தான் பலமா கேட்டிருக்கும். அம்மாது சுவத்துக்குப் பின்னாடி, அதுல அமுங்கிப் போயிருக்கும். அம்மா அமுக்கி இருப்பாங்கடி. ஒரு தடவ அமுக்கிட்டு, புள்ள வருவான்னு பாத்துக்கினே கெடந்திருப்பாங்க."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் விற்ற பட்டன்களையெல்லாம் வீடு வீடாகத் திருப்பி வாங்கத் தொடங்கினாய். "புது மாடல் தரேன்னு மட்டும் சொல்லுடி, கொறைன்னு சொல்லாதே. பேர் கெட்டுடும்" என்று நான் போனில் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நீ கேட்கவில்லை. ஒரு வீட்டில் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தவர், "நல்லாத்தானே அடிக்குதுமா, எதுக்கு வாங்கிக்கினு போற?" என்று கேட்டிருக்கிறார். "நல்லா இல்லண்ணா. எனக்கே இப்பதான் தெரிஞ்சிது" என்றாயாம். உன்னைத் திட்டியவர்களும் உண்டு.

ஆறேழு மாதம் அதையே பிரித்துப் பிரித்து மறுபடி செய்தாய். விதி கேட்டது, காதுகொடுத்துவிட்டு அனுப்ப வேண்டும் என்பதை மட்டும். நீ அதற்கு மேலும் செய்தாய். மணிப்பெட்டியிலிருந்து பதில் வந்தால்தான் பட்டனில் பச்சை விளக்கு எரியும். வராவிட்டால் தானே திரும்பத் திரும்ப அனுப்பும். வயிற்று வலியை அல்சர் என்று சொல்லிக்கொண்டே இதையெல்லாம் செய்தாய். அல்சர் இல்லை என்று தெரிந்தபோது ரொம்பத் தாமதமாகிவிட்டது.

அனுமதி எண் வந்த தாளோடு நான் விமானம் ஏறி வந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையணைக்கடியில் வைத்தாய். பிறகு கேட்டாய்.

"நீ வெவரம் தெரிஞ்சவ. சொல்லு. அம்மா அமுக்கினாங்களா, இல்லியா?"

ஊரிடம் பூசி மெழுகச் சொன்னவள் நான். உன்னிடம் ஒரு பொய் சொல்ல அன்று எனக்கு ஏன் வாய் வரவில்லை? மயங்கியிருப்பாங்கடி, அமுக்கியிருக்க மாட்டாங்க என்று சொல்லியிருக்கலாம். நான், "தெரியாதுடி" என்றேன்.

"சரி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. போன மாதம் அந்த முதியோர் இல்லத்துக்குப் போனேன். நிலம் லேசாக நடுங்கிய ஒரு காலையில், அடுத்தடுத்த அறையிலிருந்த இரண்டு பாட்டிகள் ஒரே சமயத்தில் பட்டனை அமுக்கினார்களாம். முதலில் ஒரு விளக்கு, மூச்சுவிடும் நேரத்தில் அடுத்தது. இரண்டு பேரிடமும் ஆள் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒருவர் கீழே விழுந்திருந்தார். இப்போது நடக்கிறார். அவரை எனக்குக் காட்டினார்கள். உன் பட்டனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தோட்டத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் உன்னைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். சொல்ல ஆரம்பித்தால் உன் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். வணங்கிவிட்டு வந்துவிட்டேன்.

உன் தம்பி இன்னும் கேட்கவில்லை. அந்த டீயைப் பற்றி அவனோடு யாரும் பேசுவதில்லை. என்றாவது ஒரு நாள் அவனும் என்னிடம் அதே கேள்வியைக் கேட்பான். உனக்குச் சொன்ன பதிலைத்தான் அவனுக்கும் சொல்ல வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.