ஆணியை எடுக்காமல் ஒட்டிய பஞ்சர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நான் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, உடம்பு எப்படி இருக்கிறது.

அப்பா போனபிறகு பஞ்சர் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் நெட்டை, வேலையை விட்டுவிட்டான். மெயின் ரோட்டில் கண்ணாடி போட்ட பெரிய டயர் கடை வந்திருக்கிறது, அங்கே மாதச் சம்பளம், சீருடை, வாரம் ஒரு நாள் லீவு, தாக்குப்பிடித்தால் சூப்பர்வைசர்கூட ஆகலாமாம். நம் கடையில் தலை நரைக்கும்வரை நின்றாலும் அதே கூலிதானே. ஆனாலும் முதலாளி செத்த கடையை விட்டு எப்படிப் போவது என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். ஏண்டா, அவர் பின்னாடியே நீயும் போகப்போறியா, போய்ச் சம்பாதிடா என்று நான்தான் விரட்டினேன். பஞ்சர் ஒட்டுறவனுக்குப் பெண் இல்லை என்று சொன்ன அதே வீட்டார் இப்போது டயர் டெக்னீஷியன் மாப்பிள்ளை என்று அவன் அம்மாவிடம் வந்து குழைகிறார்கள். அதே ஆள், அதே ஓட்டை, சட்டைதான் வேறு.

நீ சொன்னபடி வாடகைக்கு விடலாம் என்றுதான் கடையை ஒழிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். ஆள் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோதெல்லாம் பார்த்ததுதானே, டயரை நெம்பி டியூபை உருவினேன், காற்றடித்துத் தண்ணீரில் முக்கினேன், குமிழி வந்த இடத்தைத் தேய்த்து ஒட்டி மாட்டிக் கொடுத்தேன். மகாராணி மாதிரி காசு வாங்கினேன். தெருமுனைவரை போனவர் திரும்பவும் தள்ளிக்கொண்டு வருகிறார். அக்கா, குத்தின ஆணியை டயருக்குள்ளயே பத்திரமா வச்சு மூடிட்டீங்களே என்றார். டயருக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்கவே இல்லையடா நான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்பா போனபிறகு வந்த முதல் சிரிப்பு, சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே ஓவென்று அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், பரவாயில்லக்கா, ஆணி அங்கயே இருக்கட்டும் என்கிறார் பாவம். பிடுங்கி எறிந்து மறுபடி ஒட்டி அனுப்பினேன். மறுநாள் தன் தம்பி வண்டியையும் அவரே தள்ளிக்கொண்டு வந்தார், கண்ணை மட்டும் என் கையிலிருந்து எடுக்கவில்லை.

எனக்குச் சம்பளம் இல்லை, லீவு இல்லை, சூப்பர்வைசரும் நானே. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் அதெல்லாம் இல்லைதானே. இங்கே பொழுதாவது போகிறது, ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறது. அதனால் கடையை நானே நடத்துகிறேன். வாடகைக்கு ஆள் பார்க்கும் புரோக்கரிடம் வேண்டாம் என்றால், பையனைக் கேட்டுச் சொல்றேம்மா என்கிறான். நீயே அவனுக்குப் போன் போட்டுச் சொல், இன்றைக்கே சொல்.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். மழையில் வண்டியை மெதுவாக ஓட்டு.

இப்படிக்கு,
கடை திறக்க நேரமாகிவிட்ட உன் அம்மா