இடது முன் சக்கரமும் என் சம்பந்தியும்

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிடுங்கிய உளுந்துச் செடியை நேற்றே ரோட்டில் பரப்பியாச்சு. போகிற வருகிற வண்டி ஏறி மிதித்தால் நமக்கு அடிக்கிற வேலை மிச்சம். ஆனால் இன்று ஞாயிறு. வண்டியே இல்லை. ஒரு பஸ், ஒரு பால் வண்டி, அவ்வளவுதான்.

மகள் கவியின் கார் நம் வாசலில். டிரெயினிங் என்று சென்னை போயிருக்கிறாள், திரும்பி வரும்வரை வண்டி என் பொறுப்பு. சும்மா நிற்பானேன் என்று ஏறினேன். முன்னாடி பின்னாடி, முன்னாடி பின்னாடி. பக்கத்து வயல் செல்வம் தன் உளுந்தின் மேலும் ஓட்டச் சொன்னான். ஓட்டினேன். ஏசி போட்டுக்கொண்டு உளுந்து அடித்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

சரோஜா வாசலில் நின்று, அது பொண்ணு வண்டிங்க என்றாள். பொண்ணு யார் பொண்ணு?

சாயந்திரம் வண்டி கழுவியாச்சு. சக்கரத்தில் சுற்றியிருந்த கொடியைப் பிய்த்து எடுத்தேன், கை எட்டிய வரை.

வாங்க: தார்ப்பாய், சாக்கு, சரோஜா முட்டிக்குத் தைலம்.

ஆகஸ்ட் 13, புதன்

ஆடிக் காற்று. வாய்க்காலில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது. நடுவில் டைரி எழுதவில்லை. குறுவை நடவு, களை, வம்பு.

கவி கும்பகோணத்திலிருந்து போன். பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம், வண்டி வலது பக்கம் இழுக்கிறதாம். ஞாயிறு மாப்பிள்ளை துபாயிலிருந்து வருகிறார். திருச்சி ஏர்போர்ட்டுக்கு அவளேதான் ஓட்டிக்கொண்டு போகிறாள். அதற்குள் சரியாக வேண்டும்.

அப்பனைக் கேட்கிறாளே என்று சந்தோஷம். அரை நிமிஷம். அப்புறம், "மாமா பிரேக் பேட் தேஞ்சிருக்கும்னாருப்பா. உன்கிட்டயும் ஒரு வார்த்த கேளுன்னாரு."

உன்கிட்டயும். அந்த 'யும்' சோற்றோடு இறங்கவில்லை.

மாமா என்றால் அவள் மாமனார். என் சம்பந்தி. சுருக்கமாக சம். பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர், கு.கோ.–தஞ்சை ரூட். கவிக்குக் கார் கற்றுக்கொடுத்தது அவர்தான், நான் இல்லை. நானும் முயற்சி பண்ணினேன். முதல் நாளே கிளட்சுக்காகக் கத்தினேன், நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தாள். அவர் குரலே உயர்த்த மாட்டாராம். டிராக்டர் ஓட்டியவன் எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசித்தானே பழக்கம். அதை யார் யோசிக்கிறார்கள்?

என் கண்டுபிடிப்பு: பஸ் டிரைவர் கற்றுக்கொடுத்தால் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டேதான் ஓட்டுவாள். பேட் தேயாமல் என்ன செய்யும்? போனில் சொல்லவில்லை. நாளைக்கு வண்டியை மெதுவாக இங்கே கொண்டுவரச் சொன்னேன். கழற்றிக் காட்டிவிட்டுச் சொன்னால் ருசி அதிகம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் தூறல். கவி வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறி தஞ்சாவூருக்கு வேலைக்குப் போனாள். வண்டியிலிருந்து இன்னொருவரும் இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை. வீட்டில் சும்மாதான் இருந்தேன் சம்பந்தி, கூட வந்தேன் என்றார். அவருக்கு டம்ளர் டபராவில் நுரை பொங்கக் காபி. எனக்குப் பாத்திரத்தில் மிஞ்சியது.

ஜாக்கி வைத்து இடது முன் சக்கரத்தைக் கழற்றினேன். எட்டிப் பார்த்தால் பேட் தடியாக, புதுசு மாதிரி. பேட் நன்றாகத்தான் இருக்கிறது என்று அறிவித்தேன், இரண்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

சம். குனிந்து டார்ச் அடித்தார். "நீங்க பாக்குறது வெளிப்பக்கத்து பேட், சம்பந்தி. உள்பக்கத்தப் பாருங்க."

உள்பக்கத்தில் பேட்டே இல்லை. வெறும் இரும்புத் தகடு. சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை உழுது வைத்திருக்கிறது.

அப்போதும் விடவில்லை. என் பிரேக்கில் கால் கதையைச் சொன்னேன், பஸ்காரர்கள் பழக்கம் என்பதையும் சேர்த்து. மனுஷர் கோபப்பட்டாலாவது தேவலை. வலது சக்கரத்தையும் கழற்றிப் பார்ப்போமா என்று கேட்டார். கழற்றினோம். அங்கே உள்ளே வெளியே இரண்டும் ஒரே தடிமன். கால் வைத்து ஓட்டியிருந்தால் எல்லா பேட்டும் சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டுமே என்றார், ஏதோ சந்தேகம் கேட்கிறவர் மாதிரி. கவியிடமும் இந்தக் குரலில்தான் பேசியிருப்பார்.

பேட்டை அழுத்துகிற காலிப்பர் இரண்டு இரும்புப் பின்னில் வழுக்கி நகர வேண்டும். வலது பக்கம் கை வைத்தாலே நகர்கிறது. இடது பக்கம் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. பின் ஜாம். அதனால் உள்பக்கத்து பேட் ஒன்றே எல்லா வேலையும் செய்து தேய்ந்திருக்கிறது. வெளிப்பக்கத்து பேட் என்னை மாதிரி, சும்மா உட்கார்ந்து உடம்பைக் காப்பாற்றிக்கொண்டது.

பின்னை மூடுகிற ரப்பர் உறை கிழிந்திருந்தது. உள்ளே சேறு, துரு. கிழிசலில் காய்ந்த நார் மாதிரி ஏதோ. சம். நகத்தால் இழுத்தார். வந்தது, வந்துகொண்டே இருந்தது. முறுக்கின உளுந்தங்கொடி. நுனியில் ஒரு நெற்று, வெடிக்காமல்.

அவர் கொடியைப் பார்த்தார். வாசலுக்கு எதிரே ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கொடியைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து கவி போன் அடித்தாள். என் போனுக்கு இல்லை, அவர் போனுக்கு.

"மழைத்தண்ணி எறங்கி பின்னு துருப்பிடிச்சிருக்கும்மா. யாரு மேலயும் தப்பில்ல. ஒங்கப்பாதான் கழட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சாரு."

என்னைத் திட்டியிருக்கலாம். தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நல்ல வெயில். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம், மைக் சத்தம். காதர் பட்டறை திறக்கும்வரை பாபநாசத்தில் காத்திருந்தேன். காலிப்பர் பின், ரப்பர் உறை, பேட் இரண்டு பக்கமும், டிஸ்க் இரண்டு, எல்லாம் புதுசு. பேட் மட்டும் மாற்றினால் மறுபடி இதே கதைதான் என்றான் காதர். இரண்டு நாளாக எல்லாரும் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

கிளம்புமுன் சரோஜாவிடம் உளுந்தங்கொடி விஷயத்தைச் சொல்லியிருந்தேன். "அவரு ஒங்கள விட்டுக்கொடுக்காமப் பேசியிருக்காரு. அதுக்குமா வயித்தெரிச்சல்?"

அதற்கும்தான். கார் கற்றுக்கொடுத்த பெயர் அவருக்கு. பொறுமைசாலி என்ற பெயர் அவருக்கு. என்னைக் காப்பாற்றிய புண்ணியமும் அவருக்கே போனால் எனக்கு என்னதான் மிச்சம்?

திரும்பி ஓட்டி வரும்போது எதிரே ஒரு நெல் லாரி. வண்டி வலது பக்கம்தான் இழுத்தது என்றாளே. லாரி வருவதும் அந்தப் பக்கம்தான். தினம் அவள் இந்த ரோட்டில் தஞ்சாவூர் போய் வந்திருக்கிறாள். ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் மட்டும் பொறாமை காணோம்.

அங்கிருந்தே போன் பண்ணினேன். "மழைத்தண்ணி இல்லம்மா. நான்தான். உளுந்து மேல ஓட்டுனேன்."

சிரிக்கிறாள்.

"தெரியும்ப்பா. வைப்பர் கிட்ட அப்பவே உளுந்து மொளச்சு ரெண்டு எல விட்டிருந்துச்சு. மாமாதான், கேக்காதம்மா, சங்கடப்படுவாருன்னாரு. பிரேக்குக்கு வந்து நிக்கும்னு அவரும் நெனைக்கல." பிறகு, "அடுத்த தடவ சொல்லிட்டு ஓட்டு. நான் ஒன்ன மாதிரி கத்த மாட்டேன்."

ஆக, சித்திரைக்கு முன்னாலிருந்தே அந்த மனுஷர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கே தெரியாமல். பதிலுக்கு நான் ஏதாவது செய்யலாம் என்றால், அவரிடம் ஒரு தப்பும் கிடைக்கவில்லை.

சரோஜாவுக்குத் தைலம் வாங்க மறந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மேகமூட்டம். நேற்று வண்டியை எடுத்துப்போன கவி காலையில் வந்து ஏர்போர்ட்டுக்கு எங்களையும் ஏற்றிக்கொண்டாள். முன் சீட் சரோஜாவுக்கு, பின்னால் உட்கார்ந்தால் அவளுக்கு வாந்தி வரும். பின்னால் நானும் சம்.மும். எனக்கென்று கொழுந்து வெற்றிலை வாங்கி வந்திருந்தார். நான் அவருக்கு ஒன்றும் வாங்கவில்லை. இதிலும் முந்திக்கொண்டார்.

உளுந்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கவி ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். நன்றாகத்தான் ஓட்டுகிறாள். கியர் மாற்றுவது தெரியவே இல்லை. யார் பழக்கியது என்பது வேறு விஷயம்.

வல்லம் தாண்டியதும் ஒரு ஆடு குறுக்கே. ஒரே மிதி. சத்தம் இல்லை, இழுப்பு இல்லை, வண்டி நேராக நின்றது. ஆடு போயிற்று. கவி ஒன்றும் நடக்காத மாதிரி கிளப்பினாள்.

பின்னால் இரண்டு பேருடைய வலது காலும் தரையை அழுத்திக்கொண்டிருந்தன, அங்கே ஒரு பிரேக் இருக்கிற மாதிரி. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். மெதுவாக எடுத்துக்கொண்டோம்.

அவர் கால்தான் முதலில் பிரேக்குக்குப் போனது. நான் பார்த்தேன்.