பலகை கிழித்த தடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். அண்ணிக்குப் பிரசவம் பார்க்கப் போன அம்மா இன்னும் திரும்பவில்லை, இரண்டு மாதம் ஆகிறது. குழந்தை மூக்கும் முழியுமாக இருக்கிறதாம். நான் ஒருவேளை சமைத்து மூன்று வேளை சாப்பிடுகிறேன். பேச்சுத் துணைக்கு ரேடியோவைப் போட்டுவைக்கிறேன், அதுவும் நான் சொல்வதைக் கேட்பதில்லை.

இத்தனை வருடம் என்னோடு தொழிலுக்கு வந்த உன் தாய்மாமா இப்போது நம் படகில் இல்லை. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போன மாதம் மீன்வளத் துறை ஆட்கள் கடலடியைப் படம் எடுக்கப் படகு கேட்டு வந்தார்கள், யாரும் கொடுக்கவில்லை, சும்மா நிற்கிற படகுதானே என்று நான் கொடுத்தேன். முதலில் தூண்டில்காரர்கள் போகிற பக்கம் கேமராவை இறக்கினார்கள். திரையில் பார்த்தால் தோட்டம் அம்மா அது. விசிறி போல விரிந்த பவளங்கள், பஞ்சுப்பொதி போல உட்கார்ந்தவை, நடுவே விரல் நீளத்தில் மீன்குஞ்சுகள். இடுக்கில் அறுந்த தூண்டில் நரம்பு சுற்றிக் கிடந்ததைத் தவிரச் சேதம் தெரியவில்லை. அடுத்து, மீன் நுழைந்து மாட்டிக்கொள்கிற கூடு இறக்கிப் பிடிக்கிறவர்களின் இடம். கூடு உட்கார்ந்த இடம் மட்டும் நசுங்கியிருந்தது, தொலைந்துபோன ஒரு கூட்டுக்குள் மீன்கள் வீணாகச் செத்துக் கிடந்தன. யாரும் முழு யோக்கியன் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. கடைசியில் நம் இழுவைமடி வலை போகிற இடத்துக்கு வந்தோம். ஒன்றுமே இல்லை. மொட்டைச் சேறு, மடியின் வாயை விரித்துப் பிடிக்கிற இரண்டு பலகைகளும் உழுதுகொண்டு போன பள்ளம், ஓரத்தில் உடைந்த விசிறித் துண்டுகள். கேமரா போகப்போகப் பள்ளமும் கூடவே வந்தது. இருபத்திரண்டு வருடம் நான் இழுத்த இடம். ஆரம்பத்தில் மீனோடு இந்த விசிறிகளும் மடி நிறைய வரும், குப்பை என்று காலால் தள்ளிவிடுவோம். பிறகு வருவது நின்றது. மடி சுத்தமாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டவன் நான்.

அடுத்த வாரம் கூட்டம் போட்டு எல்லோருக்கும் படத்தைக் காட்டினார்கள். எல்லாம் நீரோட்டம் செய்த வேலை என்றார்கள் நம் ஆட்கள். நான் எழப்போக, மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னான். மீறி எழுந்து, “அது நீரோட்டம் இல்ல. என் பலகை கிழிச்சது,” என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் இனி இழுவைமடி போடக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. மறுநாள் மாமா படகிலிருந்த தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டான். போகும்போது, “நீங்க வாழ்ந்து முடிச்சுட்டீங்க அத்தான், எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு,” என்றான். இப்போது தூண்டிலோடு தனியாகப் போகிறேன். படகுத்துறையில் நான் கயிற்றை வீசினால் பிடித்துக் கட்ட ஆள் வருவதில்லை, நானே குதித்துக் கட்டிக்கொள்கிறேன். டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடுகிறது. அம்மாவிடம் சொல்லாதே, குழந்தையைப் போட்டுவிட்டு ஓடிவருவாள்.

இழுவைமடி கடலடியை அழிக்கிறது என்று நீ காலேஜில் படிக்கும்போதே சொன்னாய். நான் தட்டைத் தள்ளிவிட்டு, தின்கிற சோற்றைப் பழிக்காதே என்று கத்தினேன். அன்றிலிருந்து நீ என்னிடம் கடலைப் பற்றிப் பேசியதே இல்லை, உடம்பு எப்படி, சாப்பிட்டீர்களா, அவ்வளவுதான். தப்பு என்னுடையது அம்மா. கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் சொல்ல முடிந்தது, உன்னிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை.

கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. மாமா கூப்பிட்டால் நன்றாகப் பேசு, அவன் கோபம் என்னோடுதான். நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்டகாலம் வாழவேண்டும். பதில் போடும்போது என் உடம்பை விசாரிக்க வேண்டாம், அன்றைக்கு நான் முடிக்கவிடாத பேச்சை முழுதாக எழுது, எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன்.

உன்
அப்பா