மூன்றாமவளின் கண்ணாடி

11 பெப்ரவரி, புதன்

நாளை காலை இவருக்கு இருதய ஒப்பரேஷன். நூல் கட்டியிருந்த கையில்தான் குழாய் ஏற்ற வேண்டுமாம், அது இருக்கக்கூடாது என்று நேர்ஸ் சொன்னாள். கேதாரகௌரிக் காப்பு. அடுத்த விரதம் வரை கையிலேயே இருக்க வேண்டியது. அவிழ்க்கப் பார்த்தேன், முடிச்சு இறுகிப்போயிருந்தது. நேர்ஸ் வெட்டுவதற்குக் கத்தரிக்கோலோடு வந்தாள்.

“அவ வேண்டாம், நீரே வெட்டும்,” என்றார் இவர்.

வெட்டினேன்.

செவன் கிங்ஸ் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது மகள் பள்ளிக்கூட வேலையாகப் படம் கீறிக்கொண்டிருந்தாள். கிரேக்கர்களின் விதி தேவதைகளாம், மூன்று சகோதரிகள்.

“ஒராள் உயிர் நூலை நூற்கிறா, மற்றவ அளக்கிறா. இவ வெட்டுறா. வெட்டினா ஆள் முடிஞ்சுது, அம்மா.”

கத்தரிக்கோலோடு நின்ற மூன்றாமவளுக்கு என் கண்ணாடி, என் கொண்டை.

“ஏன் பிள்ளை என்னைக் கீறினனீ?”

“எனக்கு வேற ஆக்களைக் கீறத் தெரியாது.”

ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை.

அவள் படுத்த பிறகு அழிறப்பரை எடுத்து அந்தக் கத்தரிக்கோலைத் தேய்த்தேன். நாளைக்கு ரீச்சரிடம் என்ன சொல்லுவாளோ தெரியாது. தாள் கிழியுமளவுக்குத் தேய்த்துவிட்டேன். பென்சில் கறுப்பு போய்விட்டது. அழுத்திக் கீறிய தடம் மட்டும் படத்தில் என் கையில் அப்படியே இருக்கிறது.