கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

நரின், ஜனவரி 12

அன்புள்ள உலான் அண்ணாவுக்கு,

நான் நலம். உன் நலம்தான் தெரியவில்லை, போனை எடுத்தால்தானே? அதனால்தான் இந்த மெயில். சாப்பிடுகிறாயா, வெறும் டீயா?

நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஒரு கம்பெனிக்காரர் வந்தார், காசு கொடுத்து வாங்கும் கம்ப்யூட்டர் சிஸ்டத்தை விற்க. பெரிய டாக்டரம்மாவிடம், "இலவசமா புரோகிராம் எழுதிக் குடுக்கிறவங்களை நம்பி குழந்தைங்க வார்டை ஓட்டுறீங்களே, கெட்டுப்போனா யாரைக் கூப்பிடுவீங்க?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க அண்ணனைக் கூப்பிடுவேன். அதுல ஒரு பகுதி அவன் எழுதினது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம். வெள்ளிக்கிழமைக்குள் உன் புதிய பதிப்பைப் போட வேண்டும். நம்பலாமா?

உன் தங்கை,
சோல்போன்

பிஷ்கெக், ஜனவரி 13

செல்லத் தங்கைக்கு,

பயப்படாதே, தாராளமாகப் போடு. இப்போது நான் தனி ஆள் இல்லை. மிலோ என்று ஒருவன். முகம் பார்த்ததில்லை, இரண்டு வருஷமாக எழுத்தில்தான் பழக்கம். தவறுகளைத் திருத்தி அனுப்புவான். எல்லோரும் திட்டும் இந்தச் சம்பளமில்லாத வேலையில் எனக்கு நன்றி சொன்ன ஒரே ஆள். எனக்கும் அலுத்துவிட்டது. புதிய பதிப்பை வெளியிடும் சாவியை, அதாவது பாஸ்வேர்டை, அவனிடமே கொடுத்துவிட்டேன். இந்தப் பதிப்பு அவன் கைவேலைதான்.

வெறும் டீ இல்லை, ரொட்டியும் உண்டு.

உலான்

நரின், ஜனவரி 14

அண்ணா,

முகம் தெரியாதவனிடம் சாவியா? உனக்கு என்ன புத்தி கெட்டுவிட்டதா? அவன் எழுதியதை நீ படித்துப் பார்த்தாயா, இல்லையா? ஒரு வார்த்தை போதும். உடனே எழுது.

சோல்போன்

பிஷ்கெக், ஜனவரி 15

சோல்போன்,

படிக்கவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் படித்தேன். புரோகிராமைச் சோதிக்கும் கோப்புகளுக்குள் ஒரு கள்ளக் கதவை ஒளித்து வைத்திருக்கிறான். இதைப் போட்ட எந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் அவன் நுழையலாம். கேட்டு எழுதினேன்; ஆளையே காணோம். இதைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் அறிவித்துவிட்டேன். நீ போடாதே. கம்பெனிக்காரரிடமே வாங்கச் சொல். என் மானம் போனால் போகட்டும்.

உலான்

நரின், ஜனவரி 15

அண்ணா,

"தாராளமாகப் போடு" என்று நீ எழுதிய அன்றே போட்டுவிட்டேன். அதனால்தான் நேற்று அப்படி அவசரப்படுத்தினேன்.

நெட் வயர்களைப் பிடுங்கிவிட்டோம். நர்சுகள் ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்துக் கையால் எழுதுகிறார்கள். இதுவரை யாருக்கும் ஒன்றுமில்லை. கம்பெனிக்காரர், "அது எங்க சரக்கு இல்லையேம்மா" என்கிறார். டாக்டரம்மா திட்டவில்லை. "இப்ப யாரைக் கூப்பிடப் போறே?" என்று மட்டும் கேட்டார்.

பயமாக இருக்கிறது அண்ணா. வா.

சோல்போன்

டோலோன் கணவாய், ஜனவரி 16

சோல்போன்,

நரின் வரும் பஸ் பனியில் நின்றுவிட்டது. லாரியில் வருகிறேன். எனக்கும் பயம்தான். திருத்திய பதிப்பு பென் டிரைவில், சட்டைப் பையில் இருக்கிறது. வரிக்கு வரி நானே படித்தேன். ஆனாலும் நான் சொன்னேன் என்று போட்டுவிடாதே. என் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் படி. அண்ணன் என்று பார்க்காதே.

உலான்