மோட்டாரை நிறுத்தாதவன்

உன் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினேன். விசிறியைச் சுற்றி நெல் தூசி அப்பிக் கிடந்தது. பிரஷ்ஷால் தட்டியதும் முழங்கை வரை சுணை அரித்தது. நெல் மூட்டை அடுக்கிய அறையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் கேம் ஆடினால் உள்ளே வேறு என்ன இருக்கும்? செத்துப்போனவனின் பொருளைத் தொட்டால் கண் கலங்கும் என்பார்கள். நான் தேங்காய் எண்ணெயைத் தேடிப் போனேன்.

உன் அக்காதான் கொண்டுவந்து கொடுத்தது. "பாப்பா காலேஜுக்குப் போவுது தம்பி. இது ஓடுமான்னு பாத்துச் சொல்லு. ஓடலன்னா தூக்கிப் போட்டுரலாம்" என்றது. சிங்கப்பூரிலிருந்து லீவில் ஊருக்கு வந்தவன், காமாலை என்று ஆஸ்பத்திரியில் படுத்தவன், எழுந்திருக்கவே இல்லை. உன் கருமாதி முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் உன் பொருள்களைத் தூக்கிப் போடலாமா வேண்டாமா என்கிற பேச்சு வந்துவிட்டது. தப்பில்லை, வீடு என்றால் அப்படித்தான்.

ஓடும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி ஒன்று மாற்றிப் போட்டால், இன்றைக்குக் கடையில் மலிவாகக் கிடைக்கிற புது லேப்டாப்பைவிட நன்றாகவே ஓடும். கீபோர்டு அப்படியே இருக்கிறது. வாங்கும்போது எல்லாரும் திரையைப் பார்த்தார்கள், நீ மட்டும் கீபோர்டைத் தட்டித் தட்டிப் பார்த்தாய். "கண்ணு பழகிக்கும்டா, வெரலு பழகாது" என்றாய். லேப்டாப் வாங்க என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களிடம் இதை நான் என் சொந்தக் கருத்துப் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப். எந்த கேமைப் போட்டாலும் செட்டிங்கில் எல்லாவற்றையும் குறைத்து வைத்தால்தான் நகரும். முதலில் நிழலை எடுப்பாய், பிறகு தண்ணீரின் பளபளப்பை, கடைசியில் புல்லை. போர்க்களம் களத்துமேடு மாதிரி மொட்டையாகக் கிடக்கும். நான் முனகினால், "புல்லு பாக்கணும்னா ஜன்னலத் தெற" என்பாய். வெளியே நீடாமங்கலம் ரயில் பாதை வரைக்கும் பச்சைதான். இப்போது என்னிடம் இருப்பது புல்லை ஒவ்வொன்றாகக் காட்டுகிற லேப்டாப். கால் மணி நேரம் ஆடியதும் புல்லை நான் பார்ப்பதே இல்லை. அந்த விஷயத்தில் நீ சொன்னது சரி.

கிடார் விஷயத்தில் நான் இன்றும் உன் கட்சி இல்லை. வேகமாக வாசிப்பவர்களை உனக்கு ஆகாது. "அறுப்பு மிஷினு மாதிரி ஓட்டுறான். நெல்லு எங்கடா?" என்று கேட்பாய். எனக்கு அந்த வேகம்தான் பிடிக்கும், இன்னமும் அதைத்தான் கேட்கிறேன். நீ வாசித்ததையும் பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு உன் விரல் போய்ச் சேர்வதற்குள் பாட்டு நம்மைத் தாண்டிப் போய்விடும். நீயும் அவசரப்பட மாட்டாய். போன பாட்டு திரும்பி வரட்டும் என்பதுபோல உட்கார்ந்திருப்பாய்.

எனக்கென்று ஒரே ஒரு கருத்து உண்டு. நினைத்த இடத்தில் நிறுத்தி சேவ் பண்ண முடியாத கேம், எவ்வளவு நன்றாக இருந்தாலும் மட்டம். இதைச் சொன்னால் என்னோடு ஆடுகிறவர்கள் சிரிப்பார்கள், கஷ்டமாக இருந்தால்தானே கேம் என்பார்கள். நான் விளக்கம் சொல்வதில்லை. காரணம் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

அந்த வருடம் குறுவை நெல்லுக்கு நாற்று விடுகிற சமயம். உன் அப்பா மன்னார்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். உங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கிடாருக்குக் கம்பி வாங்க நீ தஞ்சாவூருக்குக் கிளம்பினாய். நான் வழக்கம்போலப் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளை மிதித்து வந்து உன் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். "நாலு மணிக்கு மோட்டார நிறுத்திடு, மறந்துடாத. பக்கத்து வயல்ல பன்னீர் மாமா நேத்துதான் வெத விட்டுருக்காரு" என்றாய். சரி என்றேன்.

மறக்கவில்லை. அதுதான் விஷயம். நாலு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த கேமில் ஒரு குறிப்பிட்ட அறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் சேவ் ஆகும். இப்போது எழுந்தால் மத்தியானத்திலிருந்து ஆடியது எல்லாம் போய்விடும். அறை இதோ வந்துவிடும் என்று நினைத்தேன். நாலரைக்கும் அதையே நினைத்தேன். ஐந்தரைக்கு, மோட்டாருக்கு விடுகிற மும்முனைக் கரண்ட் போனபோது மோட்டார் தானாக நின்றது. நான் நிறுத்தவில்லை.

வெளியே போய்ப் பார்த்தபோது வரப்பு உடைந்திருந்தது. பன்னீர் மாமாவின் நாற்றங்காலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். முளைகட்டி விதைத்த நெல் மொத்தமும் ஒரு மூலையில் கஞ்சி போல ஒதுங்கிக் கிடந்தது. அந்த நேரத்துக்குத்தான் நீ பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாய், கம்பி உறை சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்க. நீ என் பக்கத்தில் வந்து நின்ற பிறகு, வயல் பக்கமிருந்து மாமாவும் வந்துவிட்டார்.

"எவன்டா மோட்டாரப் போட்டது?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் மாமா. பாட்டு வாசிச்சிக்கிட்டே மறந்துட்டேன்."

"தடவு, நல்லா கம்பியத் தடவு! உங்கப்பன் வெள்ளாம வெளங்கிடும்!"

பிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நீ வேற ஊருக்காரன்டா. உன்னச் சொன்னா உங்கப்பா வரைக்கும் பஞ்சாயத்து போவும். எனக்குன்னா நாலு திட்டு, அத்தோட முடிஞ்சுது" என்றாய். முடியவில்லை என்பது உனக்கும் தெரியும். உனக்கு 'மோட்டார்' என்று பெயர் வைத்தார்கள். டீக்கடையில் மோட்டார், கல்யாணப் பந்தியில் மோட்டார். நம் டெல்டாவில் தெரியாமல் வரப்பை மிதித்தவனைக்கூட மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள், உன்னை விடுவார்களா? அடுத்த போகத்துக்கு உன் அப்பா, இவனை நம்பி விட முடியாது என்று நிலத்தைப் பன்னீர் மாமாவுக்கே குத்தகைக்கு விட்டார். நீ சிங்கப்பூர் போனாய்.

நல்லதாகப் போயிற்று என்றுதான் நீ சொல்லிக்கொண்டிருந்தாய். நானும் நம்பினேன், நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. வீடியோவில் பேசும்போது, "குறுவை எப்படிடா இருக்கு? தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்பாய். நான் புதிதாக வந்த கேமைப் பற்றிச் சொல்வேன். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. வருடங்கள் போகப் போக நானும் உன்னை 'மோட்டார்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். எல்லாரும் கூப்பிடுகிறார்கள் என்று வாயில் வந்துவிட்டது. லீவில் வந்திருந்தபோது அப்படிக் கூப்பிட்டேன், உன் பெயரே அதுதான் என்பதுபோல நீ திரும்பிப் பார்த்தாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். பன்னீர் மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குத்தகை நெல் அளக்க வந்தவர், வயதாகிவிட்டது. உன் அக்கா மகளிடம் லேப்டாப்பை நீட்டியதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"அந்தப் பொட்டியையா புள்ள கையில குடுக்குற? இதாலயும் அந்தக் கிடாராலயும்தான ஒருத்தன் உருப்படாமப் போனான். நல்ல புள்ளதான், இல்லங்கல. ஆனா அன்னைக்கி மட்டும் மோட்டாரு ஒழுங்கா..."

"எங்க மாமாவ நெனச்சா எனக்கும் அதுதான் தாத்தா ஞாபகம் வரும்" என்று அந்தப் பெண் சிரித்தது. உன்னைப் பற்றி அதற்குத் தெரிந்த கதையே அது ஒன்றுதான்.

"மாமா, அன்னைக்கி மோட்டார நிறுத்தாதது நான்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன். நீ தஞ்சாவூர் போயிருந்ததை, என்னிடம் சொல்லிவிட்டுப் போனதை, நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்ததை, எல்லாவற்றையும். சேவ் பண்ணுகிற அறையைப் பற்றியும் சொன்னேன், கிறுக்கன் மாதிரி. உன் அக்கா உள்ளேயிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"அவன் இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமேப்பா. போன தீவாளிக்கி வந்தான். இதே வாசல்லதான். 'வா மோட்டாரு'ன்னுதான் கூப்புட்டேன். சிரிச்சிக்கிட்டே வந்து கால்ல விழுந்தான்."

பிறகு அந்தப் பெண்ணிடம், "எடுத்துக்கிட்டுப் போ கண்ணு, படி" என்றார். உன் பெயரைச் சொன்னார். அப்பா அம்மா வைத்த முழுப் பெயர். ஒரு தரம் சொல்லி, சரியாக வந்ததா என்று பார்ப்பவர் போல இன்னொரு தரமும் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் வாயில் அதை நான் கேட்டதில்லை.

உனக்குச் சேர வேண்டியது அது. வாங்கிக்கொள்ள நீ இல்லாததால் நான் நின்று கேட்டுவிட்டு வந்தேன்.