மாத்திரை ஏன் கேட்கவில்லை

பழவேற்காடு,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ரஞ்சித்குமாருக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே இருக்கிறோம், மஸ்கட்டில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க எல்லையம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய், உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் நர்ஸ் ஜாக்குலினிடம் கொடுத்தனுப்புகிறேன். காலையில் விரல் மடங்குவதில்லை, பதினோரு மணிக்கு மேல்தான் பேனா பிடிக்க முடிகிறது. இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன், உட்கார முடியவில்லை.

ஒன்றரை வருஷமாக மூட்டுவாத மாத்திரை சாப்பிட்டும் அம்மாவுக்கு வீக்கம் வற்றவில்லையே என்று போன மாசம் நைனாவை அந்தக் கத்து கத்தினாய். வாரா வாரம் கொடுக்க வேண்டிய மாத்திரையைக் குடிபோதையில் மறந்திருப்பார் என்றாய், அதோடு அவரிடம் பேச்சையும் நிறுத்திவிட்டாய். அவர் ஒரு வாரமும் தவறவிடவில்லையடா. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் மாத்திரையைப் பிரித்து என் கையில் வைத்து, நான் விழுங்கும் வரை எதிரிலேயே நிற்பார். தப்பு என்னுடையது. நான் சுருட்டு பிடிக்கிறேன். நீ ஐந்தாவது படிக்கும்போது இறால் உரிக்கப் போனேனே, ஐஸில் கை மரத்துப் போகும், ஷெட்டுக்குப் பின்னால் பொம்பளைகள் நாலு பேர் பற்றவைப்போம், அப்படியே ஒட்டிக்கொண்டது. புகை பிடித்தால் இந்த மாத்திரை சரியாகக் கேட்காது என்று டாக்டரம்மா முதல் நாளே சொன்னார், எனக்கு அந்தப் பழக்கமே இல்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். விட்டுவிடு என்று நைனா கெஞ்சாத நாளில்லை.

போன புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அடுத்து ஊசிதான் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா நைனாவைப் பார்த்து, "வீட்ல யாரு பீடி, சிகரெட் பிடிக்கிறது?" என்று கேட்டார். பீடியையே தொடாத மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தாம்மா, ஒரு நாளைக்கு அஞ்சாறு சுருட்டு" என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை. விட்டாலும் கை பழையபடி ஆகும் என்று உறுதி சொல்ல மாட்டாராம், ஆனால் விடாவிட்டால் ஊசியும் சரியாகக் கேட்காமல் போகலாமாம். மாத்திரையை நிறுத்தாமல் சுருட்டை நிறுத்திவிட்டு இரண்டு மாசத்தில் வரச் சொன்னார்.

திரும்பும்போது பொன்னேரி பஸ்ஸில், பிள்ளை கத்தியபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "என்னத் திட்டுனா திட்டிட்டுப் போறான். உன்னத் திட்டுனா நீ தாங்குவியா மே?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறு நாளாகத் தொடவில்லை என்று எழுத ஆசைதான், வெள்ளிக்கிழமை ஒன்று பற்றவைத்துப் பாதியில் அணைத்தேன். யார் பேசினாலும் எரிந்து விழுகிறேன், நேற்று குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன், நைனா அதையே ஊற்றிச் சாப்பிட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், ஆறும்போது பேசு. ஆனால் இதைப் படித்த அன்றைக்கே நைனாவின் நம்பருக்குப் போன் போடு. இப்போதெல்லாம் அவர் கடலுக்குப் போகும்போதும் போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் போகிறார்.

உன் அம்மா,
மூ. அங்காளம்மாள்